ஃபெரிடேயின் பியானோவும் நாஷ்வில்லின் பழம்பாட்டுகளும்

1969-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஸ்மாஷ் கம்பெனியார், கண்ட்ரி சங்கீதத்தின் கீர்த்தி மண்டபமாகிய ‘கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்’ என்பதன் பெயரைத் தாங்கிய இரண்டு எல்.பி. இசைத்தட்டுகளை, முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி என்று எண்ணிட்டு வெளியிட்டார்கள். அவற்றில் இருந்த பாட்டுகளில் பெரும்பாலானவை அந்நாட்டின் தென்பகுதி ஜனங்கள் பத்து, இருபது வருஷங்களாக வானொலியிலும் மதுக்கடைகளின் இசைப்பெட்டிகளிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டவை. பாடியவரோ, பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் பியானோ ஸ்டூலைப் பின்காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, நின்றபடியே கட்டைகளை அறைந்து வாசித்து, ராக் அண்ட் ரோல் என்ற புதிய வேகத்தின் உருவமாகவே உலகத்துக்கு அறிமுகமான ஜெரி லீ லூயிஸ். வேறு கதவுகள் எல்லாம் சாத்தப்பட்ட பிறகு பிழைப்புக்காக அவர் இந்தப் பழம்பாட்டுகளில் வந்து ஒண்டிக்கொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய ஜீவிய சரித்திரத்தையும் இசைத்தட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, அந்த அபிப்பிராயம் பாதி உண்மைகூட ஆகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் வேற்று வீட்டுக்குள் புகுந்தவர் அல்லர். பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர்.

அந்தப் பிறந்த வீடு லூயிஸியானா மாகாணத்தின் ஃபெரிடே என்ற சிற்றூரில் இருந்தது. மிஸிஸிப்பி நதியின் மேற்கே, பருத்தி விளையும் தாழ்நிலத்தில் இருந்த அவ்வூரில், 1935-ஆம் வருஷம் செப்டம்பர் 29-ஆம் தேதி, எல்மோ லூயிஸ் என்ற ஏழைக் குடியானவருக்கும் அவர் மனைவி மேமிக்கும் மகனாக அவர் பிறந்தார். எல்மோவுக்குக் கையில் பணம் நின்றதில்லை. கள்ளச்சாராயம் காய்ச்சியதற்காகச் சிறை சென்றவர் அவர். ஆனாலும் கண்ட்ரி பாடகர் ஜிம்மி ராஜர்ஸின் இசைத்தட்டுகளை அபிமானத்தோடு கேட்டு ரஸித்தார். மகனுடைய விரல்களில் சங்கீதம் இருப்பதைக் கண்டுகொண்டதும், இருந்த ஒரே சொத்தை அடமானம் வைத்து ஒரு பழைய பியானோவை வாங்கி வந்து வீட்டில் இறக்கினார். குடும்பத்தில் எத்தனையோ துக்கங்களுக்கு நடுவே நடந்த அந்த ஒரு காரியம், அமெரிக்க சங்கீத சரித்திரத்தில் ஓர் அத்தியாயத்தையே தொடங்கி வைத்தது என்று சொன்னால் மிகையாகாது. ஜெரி லீயோடு அந்நாளில் பியானோ பழகிய அவருடைய சொந்தக்காரப் பிள்ளைகள் இருவரில், ஜிம்மி ஸ்வேகர்ட் பிற்காலத்தில் கோடிக்கணக்கானோர் கேட்ட கிறிஸ்தவப் பிரசங்கியானார்; மிக்கி கில்லி கண்ட்ரி பாடகராகப் பிரசித்தி அடைந்தார்.

ஃபெரிடேயில் சங்கீதம் மூன்று திசைகளிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அசெம்பிளி ஆஃப் காட் சபையின் ஆராதனையில், பக்தி ஆவேசமாகப் பெருகிக் கை தட்டலாகவும் கண்ணீராகவும் வெளிப்படும் ஞானப்பாட்டுகள் இருந்தன. வில் ஹேனி என்ற கறுப்பர் நடத்திய ‘ஹேனீஸ் பிக் ஹவுஸ்’ என்ற நடனக் கொட்டகையில், இரவு முழுவதும் புளூஸும் பூகி-வூகியும் முழங்கின. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே நுழையக் கூடாதென்று இருந்த அக்காலத்தில், ஜெரி லீயும் ஸ்வேகர்ட்டும் திருட்டுத்தனமாகப் புகுந்து ஒளிந்திருந்து கேட்டார்கள். மூன்றாவது திசை வானொலி. ஷ்ரீவ்போர்ட் நகரிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பான ‘லூயிஸியானா ஹேரைட்’ நிகழ்ச்சியில் 1948 முதல் பாடத் தொடங்கிய ஹாங்க் வில்லியம்ஸ் என்ற ஒல்லியான இளைஞனுடைய குரல், அந்தப் பிராந்தியத்தின் ஏழை வீடுகளில் எல்லாம் நுழைந்து, அவரவர் துக்கத்தை அவரவருக்கே எடுத்துச் சொன்னது. ஜெரி லீ அந்தக் குரலைத் தம் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. தமக்கென்று தனிப் பாணி படைத்தவர்கள் என்று அவர் கடைசி வரையில் ஒப்புக்கொண்டவர்கள் அல் ஜால்ஸன், ஜிம்மி ராஜர்ஸ், ஹாங்க் வில்லியம்ஸ் ஆகிய மூவரே. நான்காவதாகத் தம்மையே சேர்த்துக்கொண்டார். இந்நால்வரில் இருவர் கண்ட்ரி சங்கீதத்தின் மூலபுருஷர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் அந்தச் சங்கீதத்தில் பியானோவுக்கு உயர்ந்த ஸ்தானம் கிடையாது. மலைக்குடிகளின் பிடில், நாடோடியின் கித்தார், பின்னால் வந்து சேர்ந்து அழுகையை நீட்டிக் கொடுக்கும் ஸ்டீல் கித்தார் ஆகிய இவையே அதன் பிரதான வாத்தியங்கள். டெக்ஸாஸைச் சேர்ந்த மூன் முல்லிகன் என்ற வித்வான் ஒருவரே பியானோவின் முன் அமர்ந்து பாடி, அதற்குக் கௌரவம் தேடித் தந்து, ஜெரி லீயின் தலைமுறைக்கு வழிகாட்டியாக இருந்தார். 1950-களின் மத்தியில் ஜெரி லீ நாஷ்வில் நகரத்துக்குப் போய்க் கம்பெனிகளின் வாசல்களில் ஏறி இறங்கியபோது, ‘கித்தார் கற்றுக்கொண்டு வா’ என்றே அவருக்குப் புத்திமதி சொல்லி அனுப்பினார்கள் என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். லூயிஸியானா ஹேரைட்டிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆகவே அவர் 1956-ஆம் வருஷத்தின் கடைசியில் மெம்பிஸ் நகரத்துக்குப் போய், எல்விஸ் பிரெஸ்லியை உலகத்துக்குக் கொடுத்த சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டூடியோவின் கதவைத் தட்டினார். சாம் ஃபிலிப்ஸ் ஊரில் இல்லாத சமயத்தில், அங்கே பொறியாளராக இருந்த ஜாக் கிளெமென்ட் அவருடைய வாசிப்பைப் பதிவுசெய்து வைத்தார். அப்படி அவருடைய முதல் இசைத்தட்டாக அவ்வருஷம் டிசம்பரில் வெளிவந்த பாட்டு ராக் அண்ட் ரோல் அன்று. ரே பிரைஸ் பாடி, அதே வருஷத்தில் இருபது வாரங்கள் கண்ட்ரி பாட்டுகளின் பிரபல வரிசையில் முதலிடத்தில் நின்ற ‘கிரேஸி ஆர்ம்ஸ்’ என்ற பாட்டுத்தான் அது. அதை அவர் பாடிய விதமோ, கேட்டவர்களைத் திடுக்கிடச் செய்வதாக இருந்தது. பிடிலும் இல்லை, ஸ்டீல் கித்தாரும் இல்லை. பெரும்பாலும் ஒரு பியானோவும் ஒரு டிரம்முமே. ஹேனியின் கொட்டகையில் கற்ற இடது கையின் உருட்டலும், சபையில் கற்ற ஆவேசமும், ஹாங்க் வில்லியம்ஸிடம் கற்ற குரலின் உடைவும் அந்த ஒரே பாட்டில் ஒன்றாகக் கூடி நின்றன. 1969-இல் அவர் செய்தது எதுவும் இந்த 1956-ஆம் வருஷத்துப் பதிவில் விதையாக இல்லாமல் இல்லை.

அடுத்த வருஷம் ‘ஹோல் லாட்டா ஷேக்கின்’ பாட்டும் ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ பாட்டும் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோயின. பின்னதன் மறுபக்கத்தில் இருந்தது ஹாங்க் வில்லியம்ஸின் ‘யூ வின் அகைன்’. வாலிபர்கள் ஒரு பக்கத்துக்கு ஆடினார்கள். தட்டைத் திருப்பிப் போட்டவர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஒரு மனிதனின் நிதானமான புலம்பலைக் கேட்டார்கள்.

1958-ஆம் வருஷம் மே மாதத்தில், இங்கிலாந்துப் பிரயாணத்தின்போது, அவருக்குச் சொந்தக்காரியான பதின்மூன்றே வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் மணந்திருந்த விஷயம் பத்திரிகைகளுக்குத் தெரிந்தது. கச்சேரிகள் ரத்தாயின, சில தினங்களில் அவர் நாடு திரும்பினார், அங்கும் வானொலிக்காரர்கள் அவருடைய தட்டுகளை ஒதுக்கினார்கள். ஓர் இரவுக்குப் பதினாயிரம் டாலர் பெற்றவர் 250 டாலருக்குச் சிறு கொட்டகைகளில் வாசிக்கும்படி ஆயிற்று. இதை அவருடைய வீழ்ச்சியின் கதையாக மட்டுமே சொல்லிவருகிறார்கள். அவருக்குப் போனது கீர்த்தியும் பணமும். அந்தப் பெண்ணுக்குப் போனது பால்யம். கலையின் பெருமையைச் சொல்ல வரும்போது இதை ஒரு வரியில் மறைத்துக்கொண்டு போவது நியாயமாகாது.

பிறகு பத்து வருஷங்கள் அவர் அலைந்தார். அந்த அலைச்சலிலும் பழம்பாட்டுகள் அவரை விட்டுப் போகவில்லை. 1961-இல் சன் கம்பெனிக்காக ஹாங்க் வில்லியம்ஸின் ‘கோல்ட் கோல்ட் ஹார்ட்’ பாடினார். 1963-இல் மெர்க்குரி கம்பெனியின் கிளையான ஸ்மாஷுக்கு மாறினார். மறுவருஷம் ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஸ்டார் கிளப் என்ற விடுதியில், வெறி பிடித்தவர்போல் வாசித்துப் பதிவான கச்சேரி, ராக் அண்ட் ரோலின் சிகரங்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. அதன் நடுவிலும் ‘யுவர் சீட்டின் ஹார்ட்’ என்ற வில்லியம்ஸ் பாட்டு ஒன்று வந்து நிற்கிறது. 1965-இல் ‘கண்ட்ரி சாங்ஸ் ஃபார் சிட்டி ஃபோக்ஸ்’ என்று ஒரு முழு இசைத்தட்டே கண்ட்ரி பாட்டுகளால் அமைத்துப் பார்த்தார். அது விற்கவில்லை. ஆனால் வேல்ஸ் நாட்டுப் பாடகர் டாம் ஜோன்ஸ் அதைக் கேட்டு, கர்லி புட்மன் இயற்றிய ‘கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்’ என்ற பாட்டை அதிலிருந்து கற்றுக்கொண்டு பாடி, 1966-ஆம் வருஷ முடிவில் பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

ஸ்மாஷோடு செய்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 1968 ஜனவரியில், எட்டி கில்ராய் என்ற விளம்பரப் பொறுப்பாளர், ‘இவரை ஒளிவுமறைவில்லாத கண்ட்ரி பாட்டுப் பாடச் சொல்லிப் பார்ப்போமே’ என்ற யோசனையைச் சொன்னார். தயாரிப்பாளர் ஜெரி கென்னடி ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்தவர். தாமே கித்தார் வித்வான். ஜெரி செஸ்னட் என்பவர் இயற்றிய ‘அனதர் பிளேஸ், அனதர் டைம்’ என்ற பாட்டு நாஷ்வில்லில் பதிவாயிற்று. அந்த வசந்தத்தில் ஜெரி லீ லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை ராக் சங்கீத நாடகமாக்கியிருந்த ஒரு மேடையில் இயாகோ வேஷம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அங்கே வஞ்சகனாக நடித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பாட்டு கண்ட்ரி வரிசையில் நான்காம் இடத்துக்கு ஏறிவிட்டது. பின்னாலேயே க்ளென் சட்டனின் ‘வாட்ஸ் மேட் மில்வாக்கி ஃபேமஸ்’ இரண்டாம் இடத்துக்கும், 1969 தொடக்கத்தில் ‘டு மேக் லவ் ஸ்வீட்டர் ஃபார் யூ’ முதலிடத்துக்கும் வந்தன.

இந்த வெற்றியின் விசேஷத்தை உணர வேண்டுமானால், அக்காலத்து நாஷ்வில்லின் நிலைமையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1950-களின் இறுதியில், ராக் அண்ட் ரோல் வந்து வாலிபர்களை அடித்துக்கொண்டு போனபோது, கண்ட்ரி தட்டுகளின் விற்பனை சரிந்தது. அதற்குப் பரிகாரமாக, ஆர்.சி.ஏ. கம்பெனியில் செட் அட்கின்ஸும் டெக்கா கம்பெனியில் ஓவன் பிராட்லியும், பிடிலையும் ஸ்டீல் கித்தாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் கோஷ்டிகளையும் குழுப்பாடகர்களின் மெல்லிய ஒலியையும் சேர்த்து, நகரத்தாரும் விரும்பிக் கேட்கத்தக்க ஒரு பதவிசான பாணியை உருவாக்கினார்கள். எந்த ராக் அண்ட் ரோலின் பயத்தினால் அந்தச் சங்கீதம் தன் சொந்த வாத்தியங்களைத் துறந்ததோ, அந்த ராக் அண்ட் ரோலின் முதல்வர்களில் ஒருவரே பத்து வருஷங்கள் கழித்து வந்து, பிடிலையும் ஸ்டீல் கித்தாரையும் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்துக்கொண்டு பழம்பாட்டுகளைப் பாடினார். 1967 முதல் அவருடைய கோஷ்டியில் இருந்த கென்னி லவ்லேஸின் பிடிலும், ஜெரி லீயின் பியானோவும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது, கண்ட்ரி சங்கீதம் இழந்திருந்த உரம் திரும்பி வருவதை உணர்கிறோம்.

அந்த உரம் முழுமையாக வெளிப்படுவது இரண்டு கீர்த்தி மண்டபத் தொகுதிகளில்தான். ஹாங்க் வில்லியம்ஸின் ‘ஜம்பலாயா’வும் ‘ஐ’ம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை’யும், லெஃப்டி ஃபிரிஸெல் தம் பெற்றோரை நினைத்துப் பாடிய ‘மாம் அண்ட் டாட்ஸ் வால்ட்ஸ்’ஸும், டெட் டாஃபன் 1940-களில் கொடுத்த ‘பார்ன் டு லூஸ்’ஸும், டான் கிப்ஸனின் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ஸும், கண்பார்வையற்ற லியான் பெய்ன் இயற்றிய ‘ஐ லவ் யூ பிகாஸ்’ஸும், ஹார்லன் ஹோவர்டின் ‘ஹார்ட்டேக்ஸ் பை தி நம்பர்’ஸும் என்று, அந்தச் சங்கீதத்தின் இருபத்தைந்து வருஷ சரித்திரமே அவற்றில் அடங்கியிருக்கிறது. தம் தங்கை லிண்டா கெய்லோடு சேர்ந்து அவர் பாடிய ‘ஜாக்ஸன்’ சமீபகாலத்துப் பாட்டு. அதை இரண்டு வருஷங்களுக்கு முன்புதான் ஜானி காஷும் ஜூன் கார்ட்டரும் பிரசித்தமாக்கியிருந்தார்கள். கம்பெனியார் இதை வியாபாரமாக எண்ணியே செய்திருக்கலாம். புதுப் பாட்டு தேடும் சிரமம் இல்லாமல், ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டை விரைவில் பதிந்து விற்பது அத்தொழிலில் சாதாரணம். ஆனால் பாடியவருக்கு இது வியாபாரமாக இருக்கவில்லை என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்குகிறது.

அவர் மெட்டுகளைச் சிதைப்பதில்லை; பழம்பாட்டைப் புதுமையாக்குகிறேன் என்று தாளத்தை மாற்றுவதுமில்லை. முதல் அடியை அநேகமாக மூலத்துக்கு விசுவாசமாகவே எடுக்கிறார். பிறகு, குரல் ஒரு சொல்லின் நடுவில் வழுக்கி மேலே ஏறி, ராஜர்ஸின் ‘யோடல்’ என்ற பாடுமுறை போல் உடைந்து இறங்குகிறது; பல்லவி முடியும் இடத்தில் பியானோவின் கட்டைகள் மீது ஒரு நகம் மேலிருந்து கீழ்வரை ஓடிவிடுகிறது; பாட்டின் நாயகன் தன்னைப் பற்றிப் பேசும் இடத்தில், ‘நான்’ என்பதற்குப் பதிலாக ‘ஜெரி லீ’ என்று தம் பெயரையே வைத்துவிடுகிறார். நம் வாக்கேயகாரர்கள் கீர்த்தனத்தின் சரணத்தில் தம் முத்திரையைப் பதித்தது போன்றது இது என்றாலும், ஒரு வித்தியாசம் உண்டு: அவர்கள் பதித்தது தாம் இயற்றிய சாகித்தியத்தில், இவர் பதிப்பது பிறர் சாகித்தியத்தில். அகங்காரம் என்று இதைச் சிலர் சொன்னார்கள். பிறருடைய துக்கத்தைத் தம்முடையதாகவே ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார் என்று நான் கொள்கிறேன்.

இதற்குச் சிறந்த உதாரணம் ‘ஒன் ஹாஸ் மை நேம்’. ஒருத்திக்குத் தன் பெயரையும் மற்றொருத்திக்குத் தன் மனத்தையும் கொடுத்துவிட்டு நடுவில் நிற்கும் மனிதனின் பாட்டு அது. ஜிம்மி வேக்லி 1948-இல் அதைப் பாடி முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். வேக்லி சினிமாவில் குதிரைவீரனாக நடித்தவர். அவருடைய குரல் மிருதுவானது, அந்தக் குற்றத்தைக்கூடக் காதல் கதையாகச் சொல்லிவிடுகிறது. மணவாழ்க்கையில் தாமே பல குழப்பங்களை உண்டாக்கிய ஜெரி லீ பாடும்போதோ, அது வாக்குமூலமாகிறது. மன்னிப்புக் கேட்காத வாக்குமூலம் என்பதுதான் அதன் பயங்கரமும் உண்மையும். 1969-இல் அது கண்ட்ரி வரிசையில் மூன்றாம் இடம் பெற்றது.

எல்லாப் பாட்டுகளும் அவருக்குப் பொருந்திவிடவில்லை. ‘ஃபோர் வால்ஸ்’ என்ற பாட்டை 1957-இல் பாடிய ஜிம் ரீவ்ஸ், மைக்கின் மிக அருகில் வாயை வைத்துக்கொண்டு, காதோடு பேசுவதுபோல் பாடி வெற்றி கண்டார். அந்த இரகசியக் குரல் ஜெரி லீக்குச் சித்திக்கவில்லை. நான்கு சுவர்களுக்குள் அடங்கிக் கிடக்க அவரால் முடிவதில்லை. அதுபோலவே, ‘ஐ’ம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை’ என்ற ஹாங்க் வில்லியம்ஸின் தனிமைப் பாட்டில் மூலத்தின் வெறுமைக்கு ஈடாக எவரும் பாடிவிட முடியாதென்றே சொல்வேன். ஆனால் மற்றவர்கள் பணிந்து பாடுகிற அந்தப் பாட்டை இவர் எதிர்த்து நின்று பாடுகிறார்.

அவ்விரு தொகுதிகள் தாங்கிய பெயருக்குரிய கீர்த்தி மண்டபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 1961-இல் ஜிம்மி ராஜர்ஸ், ஹாங்க் வில்லியம்ஸ், பாடலாசிரியர் ஃபிரெட் ரோஸ் ஆகிய மூவரோடு தொடங்கப்பட்டது. அதன் பெயரால் பழம்பாட்டுகளைப் பாடி வீடு வீடாகக் கொண்டுசேர்த்த ஜெரி லீயை, அது தன் அங்கத்தினராக ஏற்றுக்கொண்டதோ 2022-இல், ஐம்பத்து மூன்று வருஷங்கள் கழித்து. அவ்வருஷம் அக்டோபர் மாதத்து வைபவத்துக்கு வர அவருக்கு உடம்பு இடம்கொடுக்கவில்லை. அதே மாதம் 28-ஆம் தேதி, எண்பத்தேழாம் வயதில் காலமானார். அத்தனை காலதாமதத்துக்கு எந்தச் சமாதானமும் போதாது.

அவர் கண்ட்ரிக்கு 1968-இல்தான் வந்தார் என்பவர்களுக்கு மறுப்பாக இன்னொரு சான்றும் உண்டு. 1969-இல் சன் கம்பெனியை விலைக்கு வாங்கிய ஷெல்பி சிங்கிள்டன், அங்கே வருஷக்கணக்காக வெளியிடப்படாமல் கிடந்த ஒலிநாடாக்களைச் சோதித்தபோது, ஜெரி லீ தம் இருபதுகளில் பாடிய கண்ட்ரி பாட்டுகள் ஏராளமாக இருப்பதைக் கண்டார். அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டார். 1963-இல் பதிவான ‘ஒன் மினிட் பாஸ்ட் எடர்னிட்டி’ இரண்டாம் இடம் வரை சென்றது. ராஜர்ஸின் ‘வெயிட்டிங் ஃபார் எ ட்ரெயின்’ 1970-இல் வந்தது. ஒரே சமயத்தில் இரண்டு கம்பெனிகளின் தட்டுகள், பழைய ஜெரி லீயும் புதிய ஜெரி லீயும், கண்ட்ரி வரிசையில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. கேட்ட ஜனங்களுக்கு இரண்டுக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

1973 ஜனவரி 20-ஆம் தேதி, நாஷ்வில்லின் ரைமன் மண்டபத்தில் நடந்த ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சிக்கு அவர் முதல் முறையாக அழைக்கப்பட்டார். கண்ட்ரி மட்டுமே பாட வேண்டும், தகாத வார்த்தை பேசக் கூடாது என்பவை நிபந்தனைகள். ‘அனதர் பிளேஸ், அனதர் டைம்’ பாட்டோடு ஒழுங்காகவே தொடங்கினார். பிறகு நிபந்தனைகள் இரண்டும் காற்றில் போயின. கண்ட்ரியும் ராக் அண்ட் ரோலும் ஒரே பியானோவில் மாறி மாறி வந்தன. ஓரிரு பாட்டுகளுக்கான நேரம் சுமார் நாற்பது நிமிஷங்களாக நீண்டது. அதற்கு நடுவே, டெல் வுட் என்ற அம்மையாரை அவர் மேடைக்கு அழைத்தார். 1951-இல் ‘டவுன் யாண்டர்’ என்ற பாட்டைப் பியானோவில் வாசித்துப் பத்து லட்சம் தட்டுகள் விற்ற அந்த அம்மையார், முன்பு நாஷ்வில்லில் எல்லோரும் ஜெரி லீயை அலட்சியம் செய்து அனுப்பிய காலத்தில், அன்பாக நாலு வார்த்தை பேசியவர். இருவரும் சேர்ந்து அந்தப் பாட்டை வாசித்தார்கள். விளம்பரங்களுக்கென்று ஒதுக்கியிருந்த நேரமெல்லாம் அதற்குள் கடந்து போயிருந்தது.